மீன்களுக்கு வழி கேட்டவர்

ஆறு மலையிற் பிறந்து கடலிற் கலக்கின்றது. இஃது யாவரும் அறிந்ததே. ஆனால் அதே ஆற்றில் எதிர்த்திசையில் நிகழும் பயணம் ஒன்றும் உண்டு. உல்லம் என்னும் மீன் கடலில் வாழ்வது. ஆயினும், புதுவெள்ளம் வருங்காலத்து ஆற்றின் முகத்துவாரத்தில் நுழைந்து, நீரோட்டத்தை எதிர்த்து நெடுந்தொலைவு நீந்திச் சென்று, நன்னீரில் முட்டையிடுவது அதன் இயல்பு. அம்மீனின் வழியில் அணை ஒன்று குறுக்கிட்டால் அதன் குலம் என்னாகும்? அதனை நம்பி வாழும் எளியவர் என்னாவர்? இவ்வினாக்களை ஆட்சியாளரின் முன் வைத்து, விடை காணப் பாடுபட்ட அறிஞர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டில் பணியாற்றினார். அவரே பிரான்சிசு டே என்னும் ஆங்கில மருத்துவர்.

அவர் 1829-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சசெக்சு மாவட்டத்தில் பிறந்தார். இலண்டன் மாநகரில் மருத்துவக் கல்வி பயின்று தேர்ந்தார். 1852-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னைப் படையில் துணை மருத்துவராக அமர்ந்து, இந்நாட்டை அடைந்தார். நோயாளரின் நாடி பார்ப்பது அவருக்குத் தொழில். உயிரினங்களின் இயல்பை ஆராய்வது அவருக்கு வேட்கை. தொழில் அவரை ஊர்தோறும் அழைத்துச் சென்றது. வேட்கை அவ்வூர்களின் நீர்நிலைகளுக்கெல்லாம் அவரை ஈர்த்துச் சென்றது.

கடலும் காயலும் சூழ்ந்த கொச்சியில் சில ஆண்டுகள் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அந்நாட்டின் வரலாற்றையும் இயற்கை வளத்தையும் பற்றி 1863-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அடுத்து, 1865-ஆம் ஆண்டில் மலபார்க் கரையின் மீன்களைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பின்னாளில் எழுதிய பெருநூலில், மீன்களுக்கு இலத்தீன் மொழியிற் பெயர் கூறியதோடு அமையாது, தமிழரும் தெலுங்கரும் மலையாளியரும் வங்காளியரும் அவற்றை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையும் குறித்து வைத்தார். கற்றவர் ஏட்டில் எழுதாத அறிவு, வலை வீசுவார் நாவில் வழங்குவதை அவர் உணர்ந்திருந்தார்.

அக்காலத்தில் தென்னாட்டின் பேராறுகளிற் பெரும் மாறுதல்கள் நிகழ்ந்திருந்தன. 1836-ஆம் ஆண்டிற் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுந்தன. கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் 1852-ஆம் ஆண்டில் மற்றோர் அணை நிறைவெய்தியது. இவற்றால் வயல்கள் விளைந்தன. வறட்சிக்கு அஞ்சிய ஊர்கள் வளமுற்றன. இவ்வணைகளை அமைத்த பெருமை ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரைச் சாரும். அணைகளால் மீன்வளத்துக்குக் கேடு நேருமோ என்னும் ஐயத்தை அரசாங்கத்தின் முன் எழுப்பியவரும் அவரே! தாம் செய்த நன்மையினுள்ளும் தீமை மறைந்திருத்தல் கூடும் என ஆராய்ந்த அப்பெருந்தகைமை போற்றத்தக்கது. அவ்வையத்தை ஆராய்ந்து தெளிவிக்கும் பொறுப்பு மருத்துவர் டேயிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் கொள்ளிடக் கரையை அடைந்தார். கடலினின்று ஏறிவந்த உல்லம் மீன்கள் கீழணையின் அடியில் வழியின்றித் தேங்கின. மேலே செல்ல இயலாது, திரும்பவும் மனமின்றித் திரண்ட அம்மீன்கள் எளிதில் வலைகளுக்கு இரையாயின. அன்றைய நாளிற் பிடிப்போர்க்குப் பெருவருவாய் கிட்டியது உண்மையே. ஆனால் முட்டையிடாமலே தாய்மீன்கள் மாண்டால், மறு ஆண்டில் ஏறிவரும் மீன் எங்ஙனம் உண்டாகும்? ஆதலின், அணைகளின் இடையே மீன் ஏறிச் செல்லத்தக்க வழிகளை அமைத்தல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார்.

1871-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அவரை இந்திய நாட்டு மீன்வளத்தின் தலைமைக் கண்காணிப்பாளராக அமர்த்தினர். இந்தியாவிலும் பர்மாவிலும் அவர் சுற்றிப் பார்த்தார். மாவட்ட ஆட்சித் தலைவர்கள் முதல் தாசில்தார்கள் ஈறாகப் பலர்க்கும் வினாக்கள் அனுப்பப்பெற்றன. உங்கள் பகுதி மக்களில் மீன் உண்போர் எத்துணையர்? சந்தைக்கு வரும் மீன் போதுமா? மீன் குறைந்துள்ளதா? வலைக்கண்ணின் அளவு என்ன? இவ்வாறு அமைந்தன அவ்வினாக்கள். வந்த விடைகளையெல்லாம் மாகாணவாரியாகத் தொகுத்து, 1873-ஆம் ஆண்டில் நன்னீர் மீன்களைப் பற்றியும் கடல் மீன்களைப் பற்றியும் விரிவான அறிக்கைகளை வெளியிட்டார்.

ஆறுகளில் மீன்வளம் குன்றுவதற்கு அவர் கண்ட காரணங்கள் பல. கொசுவலை போன்ற நுண்கண் வலைகளால் மீன்குஞ்சுகளையும் வாரிக்கொள்ளுதல் ஒன்று. மலையோடைகளைக் குறுக்கே அடைத்துப் பறிகளை வைத்து, மேலேறும் மீனையும் கீழிறங்கும் மீனையும் ஒருங்கே பிடித்தல் மற்றொன்று. நச்சு விதைகளையும் நச்சுப் பாலையும் மடுக்களிற் கலந்து, பெரியன சிறியன என்னாது அனைத்தையும் கொல்லுதல் பிறிதொன்று. இவற்றுடன், வழியற்ற அணைகளும் சேர்ந்துகொண்டன.

இவற்றுக்கு அடிப்படையாக உரிமை பற்றிய சிக்கலும் இருந்தது. முன்னாளில் நம் நாட்டு நீர்நிலைகள் உரிமையாளர் அற்றனவாய் இருந்தில. ஏரி மீனுக்குரிய வரி பாசிப்பாட்டம் என்னும் பெயரால் நம் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றது. மீன்பாசிக் குத்தகை என்னும் வழக்கு ஊர்களிற் பின்னும் நிலவியது. ஆங்கிலேயர் ஆட்சியிலோ இவ்வுரிமைகள் இடத்துக்கு இடம் மாறின. சில பகுதிகளிற் குத்தகை எடுத்தவர் ஆற்றை ஒட்டச் சுரண்டினர். வேறு சில பகுதிகளிற் குத்தகை நீக்கப்பட்டு, யாரும் எவ்வாறும் மீன் பிடிக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. எல்லார்க்கும் பொதுவாகிய பொருளைக் காப்பவர் எவரும் இலராயினர்.

ஆகவே, வலைக்கண்ணுக்குக் குறைந்த அளவொன்றை வரையறுத்தல், குஞ்சுகளை விற்பதைத் தடுத்தல், நஞ்சு கலத்தலை விலக்குதல், அணைகளில் மீன்வழி அமைத்தல் ஆகியவற்றை மருத்துவர் டே பரிந்துரைத்தார்.

இப்பரிந்துரைகளுக்கு எதிர்ப்பும் எழுந்தது. அவ்வெதிர்ப்பு முற்றும் பொருளற்றது அன்று. பகலெல்லாம் உழைத்தும் வயிறு நிரம்பாத ஏழை, மாலையில் ஓடையில் இறங்கிச் சிறு வலையாற் பிடிக்கும் நான்கு மீன்களே அவன் குடும்பத்துக்கு உணவாகும். அதனைச் சட்டம் தடுத்தால் அவன் எங்கே செல்வான்? வலைக்கண்ணை அளக்க வரும் சிற்றலுவலர், அதிகாரத்தைக் காட்டி அவனிடம் கையூட்டுப் பெறாரோ? இவ்வாறு அதிகாரிகள் பலர் வினவினர். இன்று பசித்திருப்பவனை எண்ணுவதா, நாளைப் பிறப்பவனை எண்ணுவதா என்னும் இக்கட்டு அரசாங்கத்தின் முன் நின்றது. மருத்துவர் டே நாளைய மீனைக் காத்தாலன்றி ஏழையின் நாளைய உணவு கிட்டாது எனக் கருதினார். அரசாங்கமோ முடிவு செய்யாது காலம் தாழ்த்தியது.

அவர் 1877-ஆம் ஆண்டிற் பணியினின்று ஓய்வு பெற்றார். ஆயினும், அவர்தம் ஆராய்ச்சி ஓயவில்லை. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ‘இந்திய மீன்கள்’ என்னும் பெருநூலில் 1,400-க்கு மேற்பட்ட மீனினங்களைப் படங்களுடன் விளக்கினார். அவர் அரிதின் ஈட்டிய மீன் தொகுதியின் பெரும்பகுதி 1883-ஆம் ஆண்டளவில் ஆத்திரேலிய நாட்டுச் சிட்னி நகரக் காட்சிச்சாலையை அடைந்தது. 1889-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள், இங்கிலாந்தின் செல்ட்டனாம் நகரில் அவர் மறைந்தார். அவர் வேண்டிய சட்டம் அன்றளவும் பிறக்கவில்லை.

அவர் மறைந்து எட்டாண்டுகள் கழிந்தபின், 1897-ஆம் ஆண்டில் இந்திய மீன்வளச் சட்டம் நிறைவேறியது. வெடிமருந்தாலும் நஞ்சாலும் மீனைக் கொல்வோர்க்கு இரண்டு திங்கள் வரை சிறையோ, 200 ரூபாய் வரை தண்டமோ விதிக்க அச்சட்டம் வகை செய்தது. வலையின் அளவையும் வகையையும் வரையறுக்கவும், குறித்த நீர்நிலையில் ஈராண்டுக்கு மேற்படாமல் மீன்பிடிப்பை முற்றும் நிறுத்தவும் மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால், அரசாங்கம் கட்டும் அணைகளில் மீன்வழி அமைத்தே ஆகவேண்டும் என்னும் கட்டளை அதில் இல்லை. வலை வீசும் எளியவனைச் சட்டம் கட்டுப்படுத்தியது. ஆற்றை மறித்த வலியவரைக் கட்டுப்படுத்தவில்லை. மருத்துவர் டே கேட்டவற்றுள் ஒரு பாதி கிடைத்தது, மறுபாதி கிடைக்கவில்லை.

அந்த மறுபாதியின் அருமையைக் காலம் உணர்த்திற்று. காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன்பின் அவ்வாற்றில் உல்லம் மீனின் வரவு பெரிதும் குன்றியது. கங்கையின் குறுக்கே பராக்கா அணை 1975-ஆம் ஆண்டிற் செயற்படத் தொடங்கியபின், முன்பு அலகாபாத்து வரை ஏறிச்சென்ற அம்மீன், அணைக்கு மேற்பட்ட பகுதிகளில் அரிதாயிற்று. நூறாண்டுகளுக்கு முன் கொள்ளிடக் கரையில் நின்று ஒருவர் கூறிய எச்சரிக்கை, கங்கைக் கரையில் மெய்யாயிற்று.

மருத்துவர் டே வேற்று நாட்டார். நம்மை ஆண்ட அரசின் ஊழியர். வலைஞரின் வறுமையை அவர் போதிய அளவு எண்ணவில்லை எனக் கூறுவாரும் உளர். அவ்வாறாயினும், அரசின் ஊழியராய் இருந்துகொண்டே அரசு கட்டிய அணையின் குறையை எடுத்துரைத்த அவர்தம் நேர்மை மறக்கத்தக்கதன்று. அணை வேண்டா என அவர் கூறவில்லை. அணையில் ஒரு வழி வேண்டும் என்றே கூறினார். வயலுக்கு நீர் வேண்டும். மீனுக்கு வழி வேண்டும். வலைஞனுக்கு வாழ்வு வேண்டும். இம்மூன்றையும் ஒருசேரப் பேணும் சட்டமே நல்ல சட்டமாகும். ஆறு ஒரு தலைமுறைக்கு மட்டும் உரியதன்று. முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நீரையும் அதில் வாழும் உயிர்களையும் குறைவின்றிப் பின்னோர்க்கு அளித்தல் நம் கடமையாகும்.