நாடிழந்த நல்லாசிரியர்

சோறு போட்டோம், கூரை கொடுத்தோம், அகதியின் பிள்ளைக்குப் படிப்பு வேறு வேண்டுமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்காகவே சொல்கிறேன், தோழர்களே, கொமீனியஸின் கதையை!

இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவிலே, 1592-ல் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பதினாறாம் வயதிலேதான் இலத்தீன் பள்ளியின் படியேற முடிந்தது. காலங்கடந்து கிடைத்த கல்வி! அதன் அருமை அவருக்குத் தெரியும்.

1620-ல் வெள்ளைமலைப் போர். பேரரசன் வென்றான். அரசன் சமயமே குடிகளின் சமயம், ஏற்காதவன் வெளியேறு என்று ஆணை பிறந்தது. முன்னரே மனைவியையும் மக்கள் இருவரையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர், 1628-ல் நாட்டையும் இழந்தார்.

போலந்து நாட்டு லெஷ்னோ நகரம் இடம் தந்தது. அங்கே, அகதிகளின் சமயத்தார் நடத்திய பள்ளியும் இருந்தது. அதிலே ஆசிரியரானார் கொமீனியஸ். பின்னர் தலைமையும் ஏற்றார். 1631-ல் அவர் வெளியிட்ட மொழிப் பாடநூல் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும், ஏழைக்கும் செல்வருக்கும் கல்வி வேண்டும். தொடக்கக் கல்வி தாய்மொழியிலே வேண்டும். பிரம்பால் அல்ல, அன்பால் கற்பிக்க வேண்டும் என்று வாதாடினார். ஊரற்றவர் உலகுக்கே வழி சொன்னார்!

இங்கிலாந்து அழைத்தது. சுவீடன் அழைத்தது. அங்கேரி அழைத்தது. தாயகம் மட்டும் அழைக்கவில்லை. 1648-ன் சமாதான உடன்படிக்கையும் அவர் கூட்டத்தாருக்கு வழி திறக்கவில்லை.

1656-ல் போர்த்தீயில் லெஷ்னோ எரிந்தது. வீடு போயிற்று, நூல்கள் போயின, நாற்பதாண்டு உழைப்பான அகராதிக் கைப்பிரதியும் சாம்பலாயிற்று. அறுபத்துநான்கு வயதில் மீண்டும் அகதி! ஆம்ஸ்டர்டாம் அடைக்கலம் தந்தது. 1658-ல் வெளிவந்தது, படங்களால் பாடம் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற நூல். எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் அதைப் படித்தனர். 1670-ல் அந்நிய மண்ணிலேயே கண்மூடினார்.

அகதியின் பிள்ளைக்குத் தொடக்கக் கல்வியில், தன் குடிமக்களுக்குத் தரும் அதே உரிமையைத் தரவேண்டும் என்கிறது 1951-ன் அகதிகள் உடன்படிக்கை. ஏட்டிலே இருக்கிறது. நாட்டிலே? உலகில் பள்ளி வயதிலுள்ள அகதிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பள்ளிக்கு வெளியே நிற்கின்றனர். ஊர்ச்சான்று கேட்கிறார்கள், பிறப்புச்சான்று கேட்கிறார்கள், புரியாத மொழியிலே பாடம் நடத்துகிறார்கள். எரிந்த வீட்டிலிருந்து ஓடி வந்தவன் எந்தச் சான்றைக் காட்டுவான்?

லெஷ்னோ நகரம் அன்று கதவைச் சாத்தியிருந்தால், நட்டம் கொமீனியஸுக்கு மட்டுமா? உலகத்துப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்குமல்லவா! வாயிலில் நிற்கும் பிள்ளையை உள்ளே விடுங்கள். வந்திருப்பவன் சுமையல்ல, நாளைய ஆசிரியனாக இருக்கலாம்!