கணக்கேட்டில் வாழும் கடிகார மேதை

கைத்திறனாற் புகழ்பெற்றோர் பலர். தாம் செய்த பொருள்கள் எத்துணை என்பதைப் பின்னோர் எண்ணியறியுமாறு ஏடும் எழுதிவைத்துச் சென்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஆபிரகாம் லூயி பிரெகே.

இன்று சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த நூசாத்தெல் நகரில் 1747 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள் இவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பிரான்சு சென்று தொழில் பயின்றார். 1775 இல் பாரிசு நகரிற் சொந்தப் பட்டறை நிறுவினார். அணிந்தவர் நடக்கும் அசைவினாலேயே முறுக்கேறும் கடிகாரத்தைச் செம்மையுறச் செய்து அரசவையின் மதிப்பைப் பெற்றார். அரசி மரி அந்துவானெத்துக்கென 1783 இல் ஒரு கடிகாரம் வேண்டப்பட்டது. புரட்சி மூண்டது, 1793 இல் அரசி கொலையுண்டார், பிரெகேயும் பாரிசை விட்டு அகன்றார். அக்கடிகாரம் முற்றுப்பெற்றது 1827 இலேயே.

1795 இல் மீண்டுவந்தவர் பட்டறையைப் புதுக்க வேண்டியவரானார். ஒற்றை முள்ளுடைய எளிய கடிகாரமொன்றை வகுத்து, விலையிற் காற்பங்கை முன்பணமாகப் பெற்றுச் செய்து கொடுத்தார். அவ்வகையில் ஏறத்தாழ 700 செய்யப்பட்டன. புவியீர்ப்பால் நேரும் பிழையைக் குறைக்கும் சுழற்கூட்டுப் பொறிக்கு 1801 இல் உரிமை பெற்றார். அதனைச் செய்தலோ மிக அரிது. அவர் காலத்தில் விற்றவை ஐம்பதைக்கூட எட்டவில்லை.

இத்தொகைகளை நாம் அறிவது எங்ஙனம்? ஒவ்வொரு கடிகாரத்திலும் இலக்கம் பொறிக்கப்பட்டது. அதன் வகை, விலை, வாங்கியவர் பெயர் ஆகியன ஏட்டிற் பதியப்பட்டன. எனினும் முதலிலக்கத்தைக் கடையிலக்கத்திலிருந்து கழித்தால் ஒரு வகையின் தொகை கிடையாது. பல வகைகளும் ஒரே வரிசையிற் கலந்து எண்ணப்பட்டமையின், பதிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெண்ணல் வேண்டும்.

எஞ்சிய கடிகாரங்களை மட்டும் எண்ணுதலும் ஏமாற்றும். அவர் பெயரைத் தாங்கிய போலிகள் ஐரோப்பாவிற் பல்கின. அதனால், சாய்ந்த ஒளியில் மட்டுமே புலப்படும் நுண்ணிய கையொப்பத்தை அவர் முகப்பிற் கீறலானார். மற்றொரு புறம், மெய்யாகவே செய்யப்பட்டவை மறைந்தும் போயின. நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்சு அரசியுமான கரோலின் 1810 இல் வேண்டிய, மணிக்கட்டில் அணியும் 2639 ஆம் இலக்கக் கடிகாரம் இன்று எங்குளதென்று தெரியவில்லை. அது 1812 இல் முடிந்ததென்பதற்கு ஏடே சான்று.

1823 செத்தெம்பர் 17 இல் பிரெகே மறைந்தார். போலியை விலக்கி மெய்யை நிறுவும் சான்றாக அவர் ஏடு இன்றும் நிலைத்துள்ளது. தம் வேலைக்குத் தாமே கணக்கு வைத்த கைவினைஞர், காலத்தையும் தமக்குச் சாட்சியாக்கினார்.