இரு நாட்டு வீராங்கனை

பிறந்த மண் ஒன்று, வளர்ந்த மண் மற்றொன்று என்று ஒருவருக்கு அமைந்துவிட்டால், அவர் பெறும் வெற்றி எந்த மண்ணுக்குச் சொந்தம்? வாழ்நாள் முழுவதும் இக்கேள்வியைச் சுமந்துகொண்டே ஓடியவர் ஸ்டானிஸ்லாவா வலசியேவிச்.

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் போலிஷ் சிற்றூர் ஒன்றில் அவர் பிறந்தபோது, போலந்து என்றொரு தனி நாடு உலகப் படத்திலேயே இல்லை. கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற பெற்றோர், கிளீவ்லண்ட் நகரில் குடியேறினர். தந்தைக்கு உருக்காலையில் வேலை. வாயில் நுழையாத பெயரை அமெரிக்கர்கள் ஸ்டெல்லா வால்ஷ் என்று மாற்றிக்கொண்டனர்.

அந்தப் பெண்ணின் கால்களில் காற்று குடியிருந்தது. 1930-இல் 100 கெஜத்தை 10.8 வினாடியில் கடந்து, 11 வினாடி என்ற எல்லையை உடைத்த முதற்பெண் ஆனார். அதே ஆண்டு பிராகில் நடைபெற்ற மகளிர் உலகப் போட்டிகளில் போலந்துக்காக ஓடி, 60, 100, 200 மீட்டர் ஓட்டங்கள் மூன்றிலும் முதலிடம் பெற்றார்.

1932-இல் ஒலிம்பிக் பந்தயம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வந்தது. அது பொருளாதார மந்தக் காலம். ரெயில்வே கம்பெனியில் பார்த்த வேலை போயிற்று. நகராட்சி தர முன்வந்த விளையாட்டுத் துறை வேலையை ஏற்றால், சம்பளத்துக்கு ஆடுபவர் என்று கருதப்பட்டு ஒலிம்பிக் வாய்ப்பையே இழக்க நேரும். அவ்வேளையில் போலந்துத் தூதரகம் வேலை தந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெற இருந்தவர் போலந்தின் சட்டையை அணிந்தார். 100 மீட்டரை 11.9 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். அமெரிக்க மண்ணில் வளர்ந்தவர் அம்மண்ணிலேயே மற்றொரு நாட்டுக்கு வெற்றி தேடித் தந்ததை அங்கே பலர் பொறுக்கவில்லை.

அவருடைய தனித்திறன் 200 மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் இருந்தது. ஆனால் அந்நாளில் இவ்விரண்டும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லை. 1935-இல் 200 மீட்டரில் அவர் நிலைநாட்டிய 23.6 வினாடி என்ற உலகச் சாதனை 1952 வரை முறியடிக்கப்படவில்லை. 1938-இல் வியன்னாவில் நடந்த ஐரோப்பியப் போட்டிகளில் இரு ஓட்டங்களில் தங்கமும், நீளம் தாண்டுதலில் வெள்ளியும் பெற்றார். 1948-இல் ஒலிம்பிக்கின் கதவு அவ்விரு போட்டிகளுக்கும் திறந்தபோது அவருக்கு வயது 37. அக்களத்தில் அவர் இல்லை. ஆயினும் தாண்டுவதை விட்டாரில்லை. 1951-இல், நாற்பது வயதில், நீளம் தாண்டுதலில் அமெரிக்க தேசியப் பட்டத்தை வென்றார்!

இதற்கிடையே 1936-இல், பெர்லினில், அமெரிக்காவின் ஹெலன் ஸ்டீபன்ஸிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றிருந்தார். ஸ்டீபன்ஸ் பெண்தானா என்று போலந்துப் பத்திரிகை ஒன்று ஐயம் கிளப்பியது. அவர் பெண்ணே என்று அதிகாரிகள் அறிவித்தனர். அந்த ஐயம் பல்லாண்டுகளுக்குப் பின் வேறொரு வாசலில் வந்து நின்றது.

ஸ்டெல்லா 1947-இல் அமெரிக்கக் குடிமகள் ஆனார். 1975-இல் அமெரிக்கத் தடகளப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1980 டிசம்பர் 4-ஆம் நாள், வருகை தரவிருந்த போலந்துக் கூடைப்பந்து வீராங்கனைகளை வரவேற்க ரிப்பன் வாங்கச் சென்றவரை, கிளீவ்லண்ட் கடை வாசலில் கொள்ளையர் சுட்டுக் கொன்றனர். பிணப் பரிசோதனையில், அவர் உடலில் ஆண் பெண் இரு கூறுகளும் பிறவியிலேயே கலந்திருந்தது தெரியவந்தது. உடனே எழுந்தது கூச்சல். பதக்கத்தைப் பறிக்க வேண்டும் என்றனர் சிலர். ஆனால் அவர் பெண்ணாகவே வளர்ந்து பெண்ணாகவே வாழ்ந்தவர் என்று பரிசோதனை அதிகாரி முடிவு கூறினார். பதக்கமும் பறிக்கப்படவில்லை.

பிறவியின் அமைப்பு எவரும் கேட்டுப் பெறுவதன்று. பிறக்கும் நாடும் அப்படியே. நாற்பது வயதிலும் மணற்குழியை நோக்கி ஓடிவந்த அந்த உழைப்பு மட்டுமே அவர் தாமே தேடிக்கொண்டது. அவரை அளக்க நமக்கு உரிமை உண்டென்றால், அதைக்கொண்டே அளப்போம்.