முதுகு வலிக்கு வழி கண்ட சிக்கார்



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கல்லூரி நினைவுகளைப் பலரும் எழுதுவார்கள். நான் ஒரு பிரெஞ்சு டாக்டரின் கதையைச் சொல்றேன். அவர் ழான் அத்தனாஸ் சிக்கார். காய்ச்சல் விடாமல் அடித்தால் டைபாய்டா என்று பார்க்க வைடால் டெஸ்ட் எடுப்போமே, 1896இல் பாரிசில் டாக்டர் விடால் அதைக் கண்டபோது கூட உழைத்த இளைஞர் இவர்தான்.

சிக்கார் 1872இல் மார்செய் நகரில் பிறந்தார். நம் பாண்டிச்சேரிக்காரர்கள் கப்பலில் போய் இறங்கிய அதே துறைமுகம். பிறகு பாரிசில் நரம்பு மருத்துவரானார். இடுப்பில் கிளம்பிக் காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்கு அப்போது சரியான மருந்து கிடையாது. 1898இல் ஜெர்மனியின் ஆகஸ்ட் பீர், தண்டுவடத்தைச் சூழ்ந்த நீருக்குள் கோகெயின் செலுத்தி உடலின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்தார். ஆனால் பின்னாலேயே தலைவலியும் வாந்தியும் வந்தன.

சிக்கார் வேறு வாசல் தேடினார். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதன் உறையும் இன்னும் கொஞ்சம் கீழே முடிகிறது. அதற்கும் கீழே, வால் எலும்புக்குச் சற்று மேலே, எலும்பில் ஒரு சிறு திறப்பு உண்டு. 1901இல் அதன் வழியாகக் கோகெயின் செலுத்தினார். மருந்து உறைக்கு வெளியே பரவி நரம்பு வேர்களைத் தொட்டது, வலி தணிந்தது. அதே ஆண்டு பாரிசிலேயே ஃபெர்னான் கத்தலான் என்பவரும் தனியாக இதே வழியைக் கண்டார்.

இதை ஏன் எழுதறேன்னா, எங்க மணப்பட்டுப் பக்கம் முதுகுல ஊசி என்றாலே கால் போயிடும்னு பயப்படுவாங்க. பாகூர் வயல்களில் நாற்பது வருஷம் நடவு நட்ட என் அம்மாவுக்கு ஜவ்வு விலகி, வலது கால் முழுக்க வலி. ஊசி வேண்டவே வேண்டாம்னு ஒரே பிடிவாதம். படம் போட்டு, தண்டுவடம் எங்கே முடிகிறது, ஊசி எங்கே நுழைகிறது என்று காட்டினேன். ரெண்டு நாள் யோசித்துவிட்டு, சரிடா, வர்றேன்னு சொன்னாங்க. ஊசி போட்ட பத்தாம் நாள் தெருக்கோடி வரை நடந்தாங்க. நாலு மாதம் கழித்து வலி கொஞ்சம் திரும்பியது; அதற்குள் பழகிய உடற்பயிற்சி கைகொடுத்தது.

ஊசி ஜவ்வைச் சரிசெய்யாது. எழுந்து நடக்க அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். 1950களிலிருந்து இதில் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தது. காலுக்கு இறங்கும் வலிக்குச் சில வாரமோ சில மாதமோ பலன் தரலாம். வெறும் இடுப்பு வலிக்குப் பலன் குறைவு. சர்க்கரை சில நாள் ஏறும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ ஊசிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

சிக்கார் அதோடு நிற்கவில்லை. 1921இல் சீடர் ஃபொரெஸ்தியேயுடன் சேர்ந்து, லிப்பியோடால் என்ற அயோடின் எண்ணெயைச் செலுத்தி, முதுகெலும்புக்குள் எங்கே அடைப்பு என்பதை எக்ஸ்ரேயில் காட்டினார். இன்று டாக்டர்கள் எக்ஸ்ரே திரையில் சாய மருந்து பரவுவதைப் பார்த்தபடி ஊசியைச் சரியான இடத்தில் நிறுத்துகிறார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் போட்டார்கள். சிக்கார் தந்த இரண்டு வழிகளும் அங்கே ஒன்றுசேர்கின்றன.

1929இல், 56 வயதில் பாரிசில் காலமானார். விடால் பெயர் நம் லேப் சீட்டுகளில் நிற்கிறது. சிக்கார் பெயரைச் சொல்வார் இல்லை. மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகள் இவரை நினைவில் வையுங்கள். மற்றவர்கள், வீட்டில் முதுகு வலியோடு பயந்து படுத்திருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் படத்தை ஒருமுறை வரைந்து காட்டுங்கள்.