கடல் கடந்த வணிகர்: சேட் வால்சந்த் ஹீராசந்த்

வணிகம் நம் சமயத்தாருக்குப் புதிதன்று. ஆயினும், உள்நாட்டில் சிறு அளவில் தொழில் தொடங்கிய ஒருவர் கடல் கடந்த வாணிகத்தில் அடியெடுத்து வைக்க எத்தனை இடர்களைத் தாங்க வேண்டும் என்பதற்குச் சேட் வால்சந்த் ஹீராசந்த் அவர்களின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.

சௌராட்டிரத்து வாங்கானேரிலிருந்து சோலாப்பூரில் குடியேறிய திகம்பர ஜைனக் குடும்பத்தில் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அவர் பிறந்தார். வட்டித் தொழிலும் பருத்தி வாணிகமும் குடும்பத்தின் வழிவழித் தொழில்கள். அவற்றில் மனம் நிறைவடையாத வால்சந்த், இரயில்வேயில் எழுத்தராக இருந்த லட்சுமணராவ் பாடக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, இருப்புப்பாதை அமைக்கும் ஒப்பந்த வேலைகளை மேற்கொண்டார். ஒருவரிடம் தொழிலறிவும் மற்றவரிடம் முதலும் துணிவும் இருந்தன. சிறிய ஒப்பந்தங்களில் ஈட்டிய நற்பெயரே பெரிய பணிகளுக்கு வழி திறந்தது.

முதல் உலகப்போர் முடிந்த வேளையில், குவாலியர் மன்னர் சிந்தியாவிடமிருந்த லாயல்டி என்னும் கப்பல் விலைக்கு வந்தது. நரோத்தம் மொரார்ஜி முதலிய நண்பர்களுடன் சேர்ந்து வால்சந்த் அதனை வாங்கினார். 1919இல் சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி தோன்றியது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் லாயல்டி பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது.

பயணம் தொடங்கியது, வெற்றி உடனே கிட்டவில்லை. பழைய பயணிகள் கப்பலான லாயல்டியை ஓட்டும் செலவு மிகுதியாக இருந்தது. 1923இல் அது உடைப்பதற்குக் கொடுக்கப்பட்டது. சரக்கு வாணிகத்திலோ ஆங்கிலேயக் கம்பெனிகள் கூட்டணி அமைத்திருந்தன. அவை செலுத்துகூலியை அடிமாட்டு விலைக்குக் குறைத்தன. அதனினும் கூரிய கருவி ஒன்றும் அவற்றிடம் இருந்தது. வணிகர் செலுத்திய கூலியில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, சில மாதங்கள் வரை வேறு கப்பலில் சரக்கேற்றாதவருக்கு மட்டுமே அதனைத் திருப்பித் தந்தன. ஆகவே, நம்மவர் கப்பலில் ஒரு மூட்டை ஏற்றிய வணிகனும் சேர்ந்திருந்த தொகையை இழக்க நேர்ந்தது.

இதே கூலிப் போட்டிதான் 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியையும் வருத்தியது. அவர் சிறையிலிருந்த காலத்தில், 1911இல், அக்கம்பெனி கலைக்கப்பட்டது. அம்முடிவு சிந்தியாவுக்கும் வந்திருக்கக் கூடும். 1923இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, இந்தியா, பர்மா, இலங்கைக் கரையோர வாணிகத்துடன் கம்பெனி அமைந்தது. இலண்டன் நோக்கிப் புறப்பட்டவர்க்கு இது கசப்பான மருந்து. ஆனால், கம்பெனி உயிர் பிழைத்தது. தோல்வியை ஒப்புக்கொள்வது வேறு, காலம் வரும்வரை பொறுத்திருப்பது வேறு என்பதை வால்சந்த் அறிந்திருந்தார்.

1929இல் நரோத்தம் மொரார்ஜி மறைந்தபின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. பிறர் கட்டிய கப்பலை வாங்கி ஓட்டும் வரை தொழில் முழுமை பெறாது என்று கருதி, விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம் அமைத்தார். 1941ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் இராசேந்திர பிரசாத் அதற்கு அடிக்கல் நாட்டினார். போர்க்கால இடையூறுகளைக் கடந்து, 1948ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் அத்தளத்தில் உருவான ஜல உஷா என்னும் கப்பலைப் பிரதமர் நேரு நீரில் இறக்கினார். விடுதலைக்குப் பின் சிந்தியாவின் கப்பல்கள் அயல்நாட்டுத் துறைமுகங்களுக்கும் சென்றன. கால் நூற்றாண்டுக்கு மேலாக மூடியிருந்த கதவு திறந்தது.

நோயுற்று ஓய்வு பெற்ற சேட் வால்சந்த், 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் குஜராத்தின் சித்தபூரில் காலமானார். லாயல்டி புறப்பட்ட ஏப்ரல் 5ஆம் நாளே இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஊதியம் ஈட்டாத கப்பல் ஒன்றின் பயணத்தை நாடு நினைவிற் கொண்டிருப்பது எண்ணத்தக்கது.

பொருளீட்டுதல் இல்லறத்தார்க்கு உரியதே. அது அறநெறியில் அமைதல் வேண்டும் என்பதே நம் அணுவிரதங்கள் காட்டும் வழி. புதுத்தொழில் தொடங்கும் நம் இளைஞர்கள், கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும் தெளிவையும், இழப்பிற் கலங்காத உறுதியையும், காலம் கருதிக் காத்திருக்கும் பொறுமையையும் இப்பெருமகனாரிடம் கற்பாராக.