பொறுமையும் மன்னிப்பும்: புனித யோசப்வாஸ் அடிகளார் காட்டிய வழி

கிறிஸ்தவ வாழ்வில் அதிகம் போதிக்கப்படுவனவும், அரிதாகவே கடைப்பிடிக்கப்படுவனவுமான நற்பண்புகள் பொறுமையும் மன்னிப்பும் ஆகும். சிலுவையில் தொங்கிய வேளையிலும் தம்மைக் கொன்றோருக்காக மன்றாடிய இயேசுவைப் பின்பற்றுவோருக்கு இவை விரும்பினால் ஏற்று, விரும்பாவிடில் தள்ளிவிடக்கூடியவை அல்ல. எனினும் பொறுமை என்பதைக் கோழைத்தனம் என்றும், மன்னிப்பு என்பதை வாயளவில் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை என்றும் நம்மில் பலர் எண்ணிவிடுகின்றோம். இவ்விரு தவறான எண்ணங்களையும் தமது வாழ்வினாலேயே திருத்தியவர், இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசப்வாஸ் அடிகளார்.

கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி பிறந்த அடிகளார், 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கன்னட தேசத்தில் சில ஆண்டுகள் மறைப்பணியாற்றிய பின்னர் கோவா ஒரட்டோரியன் சபையில் இணைந்தார். அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை மிகவும் பரிதாபமானதாக இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்து குருக்களையும் வெளியேற்றினர். குருவானவருக்குப் புகலிடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மேய்ப்பரின்றி வாடிய மக்களைத் தேடிச் செல்வதென அடிகளார் முடிவு செய்தார்.

1687இல் கூலியாள் வேடத்தில், யோவான் என்னும் பணியாளருடன் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்த அவரை இந்நாடு அன்போடு வரவேற்கவில்லை. வந்த சில நாட்களிலேயே இருவரும் கடுமையான வயிற்றோட்ட நோயால் வீழ்ந்தனர். நோய் தங்களையும் தொற்றிவிடும் என அஞ்சிய மக்கள் அவர்களை அண்டவில்லை. அடிகளார் மனந்தளரவுமில்லை, வந்த வழியே திரும்பவுமில்லை. உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் எவருடைய முகம் மாறுகின்றதோ, அவரிலிருந்தே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை இனங்கண்டார். இவ்வாறு வேரூன்றிய பணி சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவு நேரங்களில் இரகசியமாக வளர்ந்தது.

இங்கு ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அடிகளார் பொறுமையாக இருந்தார். ஆனால் அநீதியான தடைக்குப் பணிந்து போகவில்லை. ஒல்லாந்தரின் சட்டத்தை எதிர்த்து அவர் வாள் எடுக்கவில்லை. அதற்கு அஞ்சி மக்களைக் கைவிடவுமில்லை. பகைமை கொள்ளாமலும் பின்வாங்காமலும் கடமையில் நிலைத்து நிற்பதே அவர் கண்ட பொறுமை. அதற்கான விலை சிறியதன்று. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்காகக் கூடிய சுமார் 300 கத்தோலிக்கர் கைதாகினர். பலர் கசையடி பட்டனர். தண்டனையின் கொடுமையால் மாண்டவர்களும் உளர். பிடிபடாமல் தப்பிய அடிகளார் புத்தளம் சென்று, அங்கிருந்து கண்டி இராச்சியத்தை நோக்கிப் புறப்பட்டார்.

ஒல்லாந்தரின் ஆட்சிக்கு உட்படாத கண்டியில் அமைதி கிட்டும் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் 1692இல் அங்கு சென்ற அவருக்குக் கிட்டியது சிறைவாசமே. அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சு நாட்டுக் கல்வினியர் ஒருவர், அவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டினார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனும் அதனை நம்பினான். பொய்ப் பழியால் சிறைப்பட்ட ஒருவரின் உள்ளத்தில் கசப்பு ஊறுவது இயல்பு. அடிகளாரோ அந்தக் காலத்தைச் சிங்கள மொழியைக் கற்பதற்குப் பயன்படுத்தினார். காவல் தளர்ந்தபோது சிறு குடிசைக் கோயிலொன்றை அமைத்து, அங்கிருந்த கத்தோலிக்கருக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். வரட்சிக் காலத்தில் அவர் செபித்ததும் மழை பொழிந்ததாகவும், அதன் பின்னரே மன்னன் அவருக்கு நடமாடும் சுதந்திரத்தை அளித்ததாகவும் மரபு கூறும்.

அவருடைய மன்னிப்பின் ஆழத்தை உலகம் கண்டது 1697இல் ஆகும். அவ்வாண்டு கண்டி நகரில் பெரியம்மை பரவியது. மன்னனும் அரசவையினரும் நகரை விட்டு அகன்றனர். பெற்றோரையும் பிள்ளைகளையும்கூடக் காட்டில் விட்டுவிட்டு மக்கள் ஓடினர். அவர்களோடு அடிகளாரும் ஓடியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். தம்மை ஒற்றர் என்று அடைத்து வைத்த நகரம் தன் வினையை அனுபவிக்கின்றது என எண்ணியிருந்தாலும், அது மனித இயல்பே. ஆனால் அவர் ஓடவில்லை. உறவினரும் உடன்பணியாளருமான அருட்தந்தை யோசப் கர்வாலோவுடன் சேர்ந்து, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடி எடுத்து, குடிசைகள் அமைத்து, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்தரா, கத்தோலிக்கரா, தம்மைப் பழித்தவரின் உறவினரா என்று அவர் வினவவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று அறிவிப்பது எளிது. தமக்குத் தீங்கிழைத்த நகரத்தின் நோயைத் தம் கைகளால் தொடுவது எளிதன்று. எவரும் வந்து மன்னிப்புக் கோரும்வரை அடிகளார் காத்திருக்கவில்லை. அதேவேளை, எந்தப் பணிக்காகச் சிறைப்பட்டாரோ அந்தப் பணியை அவர் கைவிடவுமில்லை. உண்மையை விட்டுக்கொடுக்காமலும் பகையைச் சுமக்காமலும் வாழ முடியும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

ஆயர் பதவிக்கான யோசனை வந்தபோதும் அதனை மறுத்துவிட்ட அடிகளார், கோவாவுக்கு ஒருபோதும் திரும்பவில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே அவரது உயிர் பிரிந்தது. ஒரு காலத்தில் அவரைச் சிறைவைத்த நகரமே அவரது உடலையும் தாங்கியது. 1995 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுத் திருத்தலத்திற்குச் சென்று, யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் நடுவே நின்று செபித்தமை பொருத்தமானதொரு நிகழ்வாகும்.

காயப்பட்டவனைப் பார்த்து மன்னித்துவிடு என்று கட்டளையிட எவருக்கும் உரிமை இல்லை. மன்னிப்பு உள்ளத்திலிருந்து சுதந்திரமாக எழவேண்டிய கொடை. அதேபோல, அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்பதைப் பொறுமை என்று அழைப்பதும் தவறு. குடும்பத்திலும் அயலிலும் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருக்கும் உறவுகள் நம்மிடையே எத்தனை! எதிர்த்தரப்பு முதலில் வரட்டும் என்று இரு பக்கமும் காத்திருப்பதாலேயே அவற்றுட் பல முறிந்தபடி கிடக்கின்றன. அத்தகைய ஒருவர் நோயுற்றுக் கிடக்கும் நாளில் அவரது வாசற்படியில் நாம் கால் வைப்போமா? ஆண்டுதோறும் ஜனவரி 16இல் அடிகளாரின் திருநாளைக் கொண்டாடும் நாம், முதலில் விடை காணவேண்டிய கேள்வி அதுவே.