எம்டன் கப்பலின் தலைவர்

மந்தைவெளியில் எங்கள் பாட்டி, யாருக்கும் பிடிகொடாத சாமர்த்தியசாலியை எம்டன் என்பார். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்று அறிந்தபோது, அதனை நடத்தியவர் யார் என்று அறியும் ஆவல் எனக்குள் எழுந்தது.

கார்ல் ஃபொன் முல்லர் 1873-ஆம் ஆண்டு ஹனோவரில் பிறந்தார். 1913-இல் எம்டனின் தலைவரானார். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, டார்பீடோக் குழாய்கள் இரண்டு, மணிக்குச் சுமார் 24 கடல் மைல் வேகம்: இவ்வளவே அச்சிறு குரூஸரின் வலிமை. எஞ்சியதை அவரது அறிவு ஈடுசெய்தது.

1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது எம்டன் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. தொட்டிகள் எரிந்தன, உயிர்களும் போயின. அஞ்சிய மக்கள் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு வெளியேறினர்.

அக்டோபர் 28 விடியலில், பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொருத்தி, ஆங்கிலேயக் கப்பல்போல் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தார் முல்லர். அங்கே நின்ற ருஷ்யக் குரூஸர் ஜெம்சுக், 1905-இல் சுஷிமா கடற்போரில் தப்பிப் பிழைத்தது; அதன் 120 மில்லிமீட்டர் பீரங்கிகள் எம்டனுடையவற்றைவிடப் பெரியவை. ஆனால் விழிப்பில்லாத பீரங்கியால் பயன் என்ன? இரண்டு டார்பீடோக்களில் அது மூழ்கியது. பின்னர் எதிர்ப்பட்ட பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் முஸ்கேயையும் மூழ்கடித்தார். எனினும், ஆபத்தைப் பாராமல் நின்று, நீரில் தத்தளித்த அதன் மாலுமிகளைக் கரையேற்றினார்.

நவம்பர் 9-இல் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் குரூஸர் சிட்னி எதிர்ப்பட்டது. அதன் 6 அங்குலப் பீரங்கிக் குண்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிலோ. எம்டனின் குண்டோ 17 கிலோ அளவே. தந்திரத்துக்கு அங்கே இடமில்லை. எம்டன் மாலுமிகள் 130-க்கும் மேற்பட்டோர் மாண்டனர், முல்லர் சிறைப்பட்டார்.

போர் முடிந்தபின் நாடு அவரைப் போற்றியது. அவரோ தம் வீரச்செயல்களை நூலாக எழுத மறுத்துவிட்டார். இறந்த தோழர்களின் குருதியில் பொருளீட்ட அவர் மனம் ஒப்பவில்லை. மலேரியாவால் நலிந்த உடலோடு 1923-இல் மறைந்தார்.

நம் ஊரில் உயிர்குடித்தவரைப் போற்றலாமா என்று நான் பன்முறை எண்ணியதுண்டு. துறைமுகத்தில் மாண்டவர்களை மறந்துவிட்டுப் போற்றுதல் தகாது. ஆயினும் வென்ற கதையைத் தம் வாயால் சொல்ல நாணிய அம்மனிதரை வெறுக்கவும் இயலவில்லை. பாட்டியின் சொல்லில் சாமர்த்தியம் மட்டுமே தங்கியது. அந்த நாணமும் சேர்ந்து தங்கியிருக்கலாம்.